அத்தானைக் கொத்திய காகம்

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வாய் சும்மா இருக்காது. அதற்காக ஊர்வம்பு அளக்கிற மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் கணவாய் மீனுக்கு மூன்று இதயம், அதன் இரத்தம் நீலம் என்பது தெரியும். தெரிந்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு செமிக்காது. இடம், பொருள், ஏவல் ஒன்றும் கிடையாது. கீழ்வீட்டு ஹம்சிகா பிள்ளைத்தாய்ச்சியாக மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியபோது அவளை நிற்பாட்டி, கடற்குதிரையில் ஆண்தான் வயிற்றில் சுமந்து பெறுகிறது என்று அவளுடைய புருஷனுக்கு முன்னாலேயே சொன்னார். அந்தப் பிள்ளை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

இரத்மலானையில் வானிலை அவதானிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். காலம் முழுக்க மேகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஆளுக்கு, ஓய்வு கிடைத்ததும் கண் கொஞ்சம் கீழே இறங்கியது. எறும்பு, பல்லி, தேனீ, வௌவால் என்று கையில் ஃபோனை வைத்துக்கொண்டு படிப்பார், வீடியோ பார்ப்பார், பிறகு குசினி வாசலில் வந்து நிற்பார். உள்ளே அவருடைய மனைவி சிவமணி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருப்பாள்.

"அதை அறிஞ்சு இப்ப என்ன செய்யிறது?" என்பாள் அவள். யானை காலால் கேட்கும் என்றாலும் அதே கேள்விதான், பூநாரை சாம்பல் நிறத்தில் பிறக்கும் என்றாலும் அதே கேள்விதான். கேட்பாளே தவிர, அவர் ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தால் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். அவளுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வீடாகத் தெரியாது. இதை அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், அடியோடு மறுப்பாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இவர்களுடைய வீடு. பல்கனிக்கு நேரே அடுத்த வளவின் மாமரம். அந்த மாமரத்தில் ஒரு சோடிக் காகம் கூடு கட்டியிருந்தது. கூடு என்றால் சுள்ளியால் கட்டிய கூடு இல்லை. கொழும்புக் காகம் அல்லவா, பாதிக்குமேல் கட்டிடக்காரர் விட்டுப்போன கம்பித்துண்டுகள். ஸ்ரீஸ்கந்தராசா அதைத் தினமும் பார்த்து, நாட்டு நடப்பு மாதிரிச் சிவமணிக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, குஞ்சு ஒன்று பறக்கத் தெரியாமல் பறந்து, கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வந்து விழுந்தது. தூணுக்குப் பின்னால் கடுவன் பூனை ஒன்று பதுங்கி நின்றது. ஸ்ரீஸ்கந்தராசா பால் வாங்கிக்கொண்டு வந்தவர், பால் பையைக் கீழே வைத்துவிட்டு, குஞ்சை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி மதிலுக்கு மேலால் சாய்ந்திருந்த மாங்கொப்பில் இருத்தினார். உயிர் காத்தவர் இவர். ஆனால் குஞ்சு அதை அப்படி எடுக்கவில்லை. கழுத்தை அறுக்கிறார்கள் என்கிற மாதிரி வாயைத் திறந்து கத்தியது. தாயும் தகப்பனும் மரத்தில் இருந்து அவருடைய முகத்தை வடிவாகப் பார்த்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிழமைதான் அவர் சிவமணிக்குச் சொல்லியிருந்தார்: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு காகம் பிடித்தார்களாம், வருஷக் கணக்காகப் பிறகும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் திரண்டு வந்து திட்டினவாம், சம்பவம் நடந்தபோது பிறந்தேயிராத குஞ்சுகளும் சேர்ந்து திட்டினவாம். காகம் முகத்தை மறக்காது, குடும்பத்துக்கும் சொல்லி வைக்கும். இவ்வளவும் தெரிந்த மனுஷன் கையை நீட்டினார். தெரிந்திருப்பது வேறு, அந்த நேரத்தில் ஞாபகம் வருவது வேறு.

அடுத்த நாள் தொடங்கியது. கேற்றைத் தாண்டினால் போதும், எங்கிருந்தோ சர்ரென்று வந்து உச்சந்தலையில் ஒரு தட்டு. தலையிலோ மயிர் இல்லை, அடி நேரே ஓட்டில் விழும். அவர் குடை பிடிக்கத் தொடங்கினார். வானிலை அவதானிப்பாளர் கொளுத்துகிற வெயிலில் குடையோடு போனால் லேனில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? மழை வரப்போகிறது என்று காயப்போட்ட உடுப்பை எல்லாம் உள்ளே எடுத்தார்கள். மரக்கறிக்காரன், "அத வஹினவாத மாத்தயா?" என்று ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மழையா என விசாரித்தான். காகம் என்று சொல்ல வெட்கப்பட்டு, இவரும் பின்னேரம் போலப் பார்க்கலாம் என்று சிங்களத்தில் சொல்லிவைப்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஒரு சின்னப் பெருமை. அறிவியல் தன் தலையிலேயே நிரூபணமாகிறது என்றால் சும்மாவா?

புரட்டாதி பிறக்கும்வரை அது வெறும் பகிடியாகத்தான் இருந்தது.

புரட்டாதிச் சனி சிவமணி ஒரு வருஷமும் விட்டதில்லை. காலையில் தோய்ந்து குளித்து, கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்து, வந்து மரக்கறிச் சமையல் செய்து, வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறும் கறிகளும் வைத்துக் காகத்தைக் கூப்பிடுவாள். காகம் வாய் வைத்த பிறகுதான் அவள் வாயில் பருக்கை போகும். அதுவரை பச்சைத் தண்ணி பல்லில் படாது. சனீஸ்வரனின் வாகனம் என்பது ஒரு பக்கம். செத்துப்போன நம்மவர்கள் காகமாய் வந்து சாப்பிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். சிவமணிக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த வருஷம் அவள் வைக்கிற சோறு அவளுடைய தம்பி பகீரதனுக்கு.

பகீரதன் கனடாவில் இருந்தவன். தாய் நேரத்தோடு போய்விட்டதால் சிவமணி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுடைய ஒரே மகளின் கல்யாணத்துக்கு இவள் விசா எடுத்து, சேலை மடித்துப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். போகவேண்டிய கிழமையில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு நெஞ்சுவலி வந்து, நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாய்ப் போயிற்று. தன் பக்கத்துக்கு மணவறையில் நிற்க அக்கா ஒருத்திதான் என்று நம்பியிருந்தவன் ஃபோனில் மனம் பொறுக்காமல் ஏதோ சொல்ல, ஆஸ்பத்திரி விறாந்தையில் நித்திரை இல்லாமல் நின்றவள், "உனக்குக் கல்யாணம் பெரிசு, எனக்குத் தாலி பெரிசு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. இவள் எடுத்தாலும் மணி அடித்து அடித்து நின்றது. வருஷங்கள் அப்படியே போய், இந்த மாசியில் பகீரதன் இருந்தாற்போல் மாரடைப்பில் போய்விட்டான்.

செத்தவீட்டை ஃபோனில் காட்டினார்கள். கமராவை எங்கே வைத்தார்களோ, பூவும் பெட்டியின் கால்மாடும்தான் தெரிந்தன, முகம் தெரியவேயில்லை. சிவமணி கடைசிவரை பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முடிந்ததும் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள். ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை குசினி வாசலில் போய் நின்று, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பியிருக்கிறார். அவருக்கே அப்படி என்றால் யோசித்துப் பாருங்கள்.

முதலாம் சனி. சோறு வைத்தாள். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு, வாழைக்காய்க் கறி, எள்ளுருண்டை. "கா... கா..." என்று கூப்பிட்டாள். மாமரத்துக் காகம் கறன்ற் வயரில் வந்து இருந்து தலையைச் சரித்துப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. சோறு காய்ந்து இலையில் ஒட்டியது. மூன்று மணிக்குமேல், தலை சுற்றுகிறது என்று சொன்னவளை ஸ்ரீஸ்கந்தராசா பிடித்து இருத்தி, விரதம் போனால் போகிறது என்று கெஞ்சி, இரண்டு வாய் ஊட்டவேண்டியதாயிற்று. அவளுக்குச் சீனி வருத்தம், சலரோகக்காரி. குளிசையை நேரத்துக்குப் போட்டு நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்று வைத்தியர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் சனி இன்னும் மோசம். அதே காகம் வயரில் இருந்து இவளுடைய இலையைப் பார்த்தது, பிறகு பறந்து போய் அடுத்த வீட்டுப் பிறிஜெற்றின் பல்கனியில் இறங்கி, அவள் வைத்திருந்த மீன்தலையை இழுத்து இழுத்துத் தின்றது. நல்ல பிள்ளை பிறிஜெற். வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள் என்றாலும் இந்தச் சங்கதியெல்லாம் அவளுக்குத் தெரியும். சங்கடப்பட்டுக்கொண்டு வந்து, "அன்ரி, இலையைக் கொண்டுவந்து எங்கட பக்கம் வையுங்கோவன்" என்றாள். சிவமணி மாட்டேன் என்றுவிட்டாள். தம்பி அக்கா வீட்டுக்கு வரவேண்டும், அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் வருகிறது இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவனுக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காதுதான் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்து விளக்கினார். காகத்துக்கு அவளோடு ஒரு பகையும் இல்லை. குஞ்சைத் தூக்கின தன்னோடுதான் பகை. தான் வேட்டி சாரத்தோடு காலை மாலை உலாவுகிற பல்கனி இது, அதனால்தான் கிட்ட வரப் பயப்படுகிறது. தன் கூட்டத்துக்கும் சொல்லி வைத்திருக்கும். படிப்படியாக, ஆதாரத்தோடு, அமெரிக்க முகமூடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

"எல்லாம் உங்களைப் பற்றித்தானோ?" என்றாள் சிவமணி.

அவர் நிற்பாட்டினார்.

"அவன் கோவத்தோடை செத்திருந்தாலும் பறவாயில்லை எண்டு சொல்லுறன். கோவம் எண்டால் நினைப்பு இருக்குதெண்டு அர்த்தம். அக்கா எண்டொருத்தி இருந்தவள் எண்ட நினைப்பே இல்லாமல் போயிட்டானோ எண்டுதான் எனக்குப் பயம்." இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "இலையைப் பாக்குது, என்னைப் பாக்குதே இல்லை. ஆரோ எண்டு பாக்குது."

 ஸ்ரீஸ்கந்தராசா பல்கனியில் அந்தக் காகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காகமும் அவரைப் பார்த்தது. அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு குழப்பமும் இல்லை, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் சனி அவர் வீட்டிலேயே இருக்கவில்லை. விடியக் குடையை எடுத்துக்கொண்டு மரீன் டிரைவுக்கு இறங்கி, தண்டவாளத்துக்கு அப்பால் பாறையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவமணியிடமிருந்து ஃபோன் வரவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால் இலை அப்படியே இருந்தது, அவள் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். கை சில்லிட்டு, வேர்த்து, நடுங்கிக்கொண்டிருந்தது. சீனித்தண்ணி கரைத்துப் பருக்கி, அவள் கண் தெளிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்ததும் பிடித்து ஏசினார். ஐம்பது வருஷம் வாழ்ந்து பத்துத் தரம் ஏசியிருக்க மாட்டார், அதில் ஒன்று இது.  கடைசிச் சனி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் தடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தடுக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. இனிக் காகத்தை வரவைத்தே ஆகவேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா அந்தக் கிழமை முழுக்க வேலை செய்தார். பல்கனியில் கிடந்த தன்னுடைய சாய்மனைக் கதிரையை உள்ளே இழுத்தார். தன் சாரம், பெனியன் ஒன்றையும் அங்கே காயப்போடவேண்டாம் என்றார். தான் அந்தப் பக்கம் தலைகாட்டவேயில்லை, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். காகம் கோபத்தை மட்டுமல்ல, சாப்பாடு போட்ட முகத்தையும் ஞாபகம் வைக்கும் என்பதால், சிவமணியை ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குப் பல்கனிக்கு அனுப்பிக் கடலைப்பருப்பு வடைத்துண்டு வைக்கப்பண்ணினார். இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்டாள்தான். ஆனாலும் செய்தாள். அவர் முகத்தில் இருந்த பதகளிப்பைப் பார்த்துத்தான் செய்தாளே தவிர, காகத்தை நம்பி அல்ல.

செவ்வாய்க்கிழமை காகம் வயரை விட்டு ஏசிப் பெட்டிக்கு வந்தது. வியாழக்கிழமை ஏசிப் பெட்டியை விட்டுப் பல்கனிக் கம்பியின் நுனிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, அவள் உள்ளே திரும்பியதும், வடைத்துண்டைக் கவ்விக்கொண்டு போனது. திரைக்குப் பின்னால் நின்ற ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சத்தம் போட்டுக் கை தட்டவேண்டும் போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசிச் சனி. கோயிலில் சனம் கூடி, எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரவே பொழுது ஏறிவிட்டது. சமைத்து முடிய இரண்டு மணிக்குமேல். ஸ்ரீஸ்கந்தராசா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கையில் ஒரு கிளாஸ் சீனித்தண்ணி. எதற்கும் இருக்கட்டும் என்று அவரே கரைத்து வைத்தது. கதவை ஒரு விரற்கடை நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவமணி இலையை வைத்தாள். பக்கத்தில் பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இந்த முறை அவள் கா கா என்று கூப்பிடவில்லை.

"வாடா," என்றாள் மெதுவாக. "வந்து சாப்பிடு."

காகம் வந்தது. மாமரத்திலிருந்து நேரே வந்து கம்பியில் இருந்தது, பிறகு கீழே தத்தியது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. இலையின் விளிம்புக்கு வந்து, சோற்றைப் பார்த்து, தலையை நிமிர்த்திச் சிவமணியைப் பார்த்தது. அவளுடைய உதடு நடுங்கியது.  நெற்றி வேர்த்துக் கொட்டியது. கம்பியைப் பிடிக்க நீட்டிய கை கம்பியைத் தொடாமல் காற்றைத் துழாவியதை ஸ்ரீஸ்கந்தராசா கண்டார்.

அவர் யோசிக்கவேயில்லை. ஒரு கிழமையாய் எறும்பு ஊர்கிற மாதிரிக் கட்டிய அத்தனை வேலையையும் காலால் உதைத்துக்கொண்டு, கிளாஸும் கையுமாகப் பல்கனிக்குப் பாய்ந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்.

காகம் அவரைக் கண்டது. அவ்வளவு கிட்டத்தில், குடையும் இல்லாமல், வெறுந்தலையோடு. ஒரு கத்தல் கத்தி எழும்பி, இரண்டு காலாலும் அவருடைய மண்டையில் இறங்கி ஒரு கொத்து. சீனித்தண்ணி பாதி சிந்தியது. மறுபடியும் எழும்பி மறுபடியும் கொத்து. வழுக்கையிலிருந்து இரத்தம் கோடாய் இறங்கிக் காதடிக்கு வந்தது. அவர் அவளை விடவில்லை, அதனால் தலையை மறைக்கக் கை இல்லை.

சிவமணி அந்த இரத்தத்தைக் கண்டாள். நிற்கவே பலமில்லாதவளுக்கு அந்தப் பலம் எங்கேயிருந்து வந்ததோ, குனிந்து செம்பை எடுத்துக் காகத்தை நோக்கி வீசினாள். தண்ணீரும் செம்புமாகப் பறந்து, செட்டையில் உராய்ந்துகொண்டு போய்ச் சுவரில் மோதி, தொடர்மாடி முழுக்கக் கேட்கிற சத்தத்தோடு விழுந்தது. காகம் கறன்ற் வயருக்கு ஓடியது.

"டேய் பகீரதா! ஆரையடா கொத்துறாய்? அத்தானெடா அது!"

அடுத்த பல்கனியில் பிறிஜெற் எட்டிப் பார்த்தாள். சிவமணி அதைக் கவனிக்கவில்லை. வயரில் இருந்த காகத்தை நோக்கி விரலை நீட்டி ஏசினாள். "நெஞ்சைப் பிளந்துபோட்டுக் கிடந்த மனுசனை விட்டிட்டு நான் எப்பிடியடா உன்ரை மகளின்ரை மணவறைக்கு வாறது? உனக்கு மூளை இல்லையோ? நான் சொன்னது பிழைதான். ஆஸ்பத்திரியிலை நிண்டு கொண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன். அக்கா ஒண்டு சொன்னால் நீ வருஷக் கணக்காய்க் கதைக்காமல் விடுவியோ? நான் ரெலிபோனை வைச்சு வைச்சுக் காது தேஞ்சு போச்சடா. நீயும் ஒருக்கால் எடுத்தனியோ? ஒருக்கால்..."  மாசியில் வரவேண்டிய அழுகை அப்போதுதான் வந்தது. வாயைத் திறந்து, தலையில் அடித்துக்கொண்டு, செத்தவீட்டில் அழுகிற மாதிரி அழுதாள்.

ஸ்ரீஸ்கந்தராசா அவளைத் தரையில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார். கிளாஸில் மிச்சம் கிடந்ததை அவள் வாயில் வைத்தார். அழுகைக்கு நடுவில் குடித்தாள். அழட்டும் என்று விட்டார். இரத்தம் தன்பாட்டில் வடிந்துகொண்டிருந்தது, அவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவருடைய கண்ணிலும் தண்ணீர்தான்.

அழுது ஓய்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, டெற்றோலை எடுத்துவந்து அவருடைய மண்டையைத் துடைத்தது. எரிகிறது என்று முனகினார், பேசாமல் இருங்கோ என்று அதட்டினாள். பிறகு பல்கனியில் இருந்த இலையை எடுத்துவந்து மேசையில் வைத்து, பானையிலிருந்து இன்னும் கொஞ்சம் சோறு அதில் போட்டு, காகம் தொடாத அந்தச் சோற்றை இருவருமாகச் சாப்பிட்டார்கள். அவள் அவசர அவசரமாக, பசித்த பிள்ளை மாதிரிச் சாப்பிட்டாள். வாழைக்காய்க்கு உப்புக் கூடிவிட்டது என்றாள். அவர் இல்லை என்றார். கூடத்தான் கூடியிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு அந்தப் பயம் தட்டியது. செம்பை எறிந்தது யார்? இவள். காகம் பார்த்ததா? வடிவாகப் பார்த்தது. இனி இவளுடைய முகமும் அதன் கணக்கில் ஏறியிருக்கும். நாளைக்கு இவள் வாசலில் இறங்கினால் இவளுடைய தலையிலும் இறங்கும். இவளோ அதைத் தம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள். தம்பி தலையில் கொத்தினால் தாங்குவாளா? இந்த மனம் பிறகு எழும்புமா? சொல்லவேண்டிய விஷயம் தொண்டைவரை வந்தது. அதை ஒரு கவளம் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

மறுநாள் ஞாயிறு. விரதம் முடிந்துவிட்டது, சந்தைக்குப் போய் மீன் வாங்கவேண்டும் என்று சிவமணி பையை எடுத்தாள். தான் போய் வாங்கிவருகிறேன் என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவருக்குப் பழைய மீன் எது, நல்ல மீன் எது என்று தெரியாது என்றாள் அவள். செவுளைப் பார்த்து வாங்குவேன் என்று அவர் வாதாடினார். வெயில் என்றார், கால் நோகும் என்றார், பிறிஜெற்றிடம் சொல்லி விடலாம் என்றார். இவருக்கு என்ன பிடித்தது என்று அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அவள் படியிறங்கினாள். அவர் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார், ஆனால் மூட்டுவலிக்காரர் எவ்வளவு ஓடுவது? அவள் கேற்றைத் தாண்டியபோது அவர் இன்னும் கடைசிப் படியில் நின்றார்.

காகம் மாமரத்திலிருந்து வந்தது. சத்தமில்லாமல், தாழ்வாக, அவளுடைய கொண்டையை நோக்கி. ஒரு அடி. அவள் "ஆ" என்று குனிந்து தலையைப் பிடித்தாள். பை கையிலிருந்து நழுவி விழுந்தது. காகம் மேலே எழும்பி, வட்டமடித்து, அவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. லேன் முழுக்கச் சனம் போய் வந்துகொண்டிருந்தது. ஓட்டோவில் ஒருவன், பத்திரிகையோடு ஒருவர், பூசைக்குப் போகிற பிறிஜெற்றும் பிள்ளைகளும். காகம் ஒருவரையும் பார்க்கவில்லை. அவளை மட்டும்தான் பார்த்துக் கத்தியது.

ஸ்ரீஸ்கந்தராசா மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். அது தம்பி இல்லை, வெறும் காகம், நேற்றுச் செம்பெறிந்ததால் வந்த வினை, முகத்தை ஞாபகம் வைத்திருக்கிற சாதி அது என்று சொல்லிவிட வாயைத் திறந்தார்.

சிவமணி நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவர் அவளிடம் கண்டு எத்தனையோ காலம்.

"தெரியுதப்பா," என்றாள் அவருடைய கையைப் பிடித்து. "இவ்வளவு சனத்துக்குள்ளையும் என்னைத் தெரியுது அவனுக்கு."

காகம் மறுபடியும் தாழ்ந்து வந்தது. அவள் குனியவில்லை.